அரை வரிக்குப் பதில் எழுதுகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரி முதலாண்டில் ஆங்கிலத்துக்குக் கைகொடுக்காமல் விட்டால், தமிழ்வழிக் கல்வி அவர்களுக்குச் செய்யும் துரோகமாகிவிடும் என்று. அவளே தமிழ்வழியில் படித்தவள். ஒரு தம்பி அதன் கடைசி வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டிப் போட்டு, "இவளுக்குத் தமிழ் துரோகமாம்" என்று எழுதினான். வரிசையாகக் கைதட்டல். மேலே போய் முழுப் பதிவையும் படித்தவர் எத்தனை பேர்? அவள் குழுவை விட்டே போய்விட்டாள்.

"சுருக்கத்தானே சார் வெட்டினேன்" என்கிறான். சுருக்குவது தப்பில்லை. முழுக் கட்டுரையையும் திரும்ப ஒட்டி அடியில் "சூப்பர்" போடுகிறவர்களைவிட, வேண்டிய வரியை மட்டும் எடுத்துக் காட்டுகிறவன் எவ்வளவோ மேல். ஆனால் "விட்டால்" என்ற சொல்லையே விட்டுவிட்டால் அது சுருக்கமா? நிபந்தனை எச்சத்தை உனக்கு நான்தானே நடத்தினேன்!

வாதம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறீர்கள். தமிழில் வாதம் இப்படி இருந்ததில்லை. குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்தை மறுக்கவே சமணர்கள் நீலகேசியை இயற்றினார்கள். நீலகேசிக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர், மறுக்கப்படும் பாடல்களை எடுத்துக் காட்டிவிட்டே மேலே போகிறார். குண்டலகேசி இன்று முழுதாகக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு எதிராளியின் உரையில் தங்கியதுதான். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியாரும் பரபக்கத்தில் பிற சமயத்தார் கொள்கைகளைச் சொல்லி மறுத்த பிறகே சுபக்கத்துக்கு வருகிறார். இவர்கள் யாரும் மென்மையாகப் பேசியவர்கள் அல்லர். அடி பலமாகத்தான் விழும், ஆனால் எதிராளி உண்மையில் சொன்னதன் மேல் விழும்.

உறவுக்காரர்களுக்கும் ஒன்று. எதற்குப் பதிலோ அந்தச் செய்தியை வலப்பக்கம் இழுத்துவிட்டு எழுதுங்கள், அது மேலே ஒட்டிக்கொள்ளும். இரங்கல் செய்திக்குக் கீழே தனியாக "மிக்க மகிழ்ச்சி" என்று வந்து நின்றால் சித்தப்பா என்ன நினைப்பார்?

தம்பி, அவள் பதிவு முழுதாக என்னிடம் இருக்கிறது. அவளிடம் கேட்டுவிட்டேன். இன்று இரவு குழுவில் போடுகிறேன். முதல் வரியிலிருந்து படித்துவிட்டு மறுப்பு எழுது. கடுமையாகவே எழுது. உன் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அதற்கு முன்னால் நீக்கிவிடு.