விளையாட்டுக்குள் ஒரு மாட்டுப்பட்டி



சென்ற விடுமுறையின்போது மாட்டுப்பட்டிக்கு வந்திருந்த மாணவர் ஒருவர் நம்முடன் நெடுநேரம் உரையாடிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாள் முழுதும் உழைத்தவர். தந்தையார் திருப்பூரில் தொழில் செய்கின்றார். மாணவரோ 'ஸ்கைரிம்' என்னும் கணினி விளையாட்டில் தோய்ந்தவர். அக்கற்பனை நாட்டின் மன்னர் வரிசை, தெய்வங்கள், போர்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம்.

"தம்பி, உங்கள் தாத்தா எவ்வூரிலிருந்து இம்மலைக்கு வந்தார்?" என்று வினவினோம்.

"தெரியவில்லை, ஐயா," என்றார். சற்றுப் பொறுத்து, "நம் ஊருக்கும் இப்படிப் பழங்கதை இருந்தால், நானே அதை ஒரு விளையாட்டாக எழுதிவிடுவேன்," என்றார்.

அச்சொல்லே இத்திங்கள் நம் சிந்தனைக்கு வித்தாயிற்று.

இவ்வகை விளையாட்டுகளைப் பற்றிப் பெரியோர் பொருட்டுச் சிறிது கூறுவோம். விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, கற்பனை நாடொன்றில் நடமாடி, அங்குள்ளோரிடம் பேசி, பணிகளை முடித்து முன்னேறுகின்றார். மூல விளையாட்டு வெளிவந்த பின்னர், அதனோடு ஒட்டிப் புதிய நிலப்பரப்பையும் புதிய கதையையும் சேர்த்து விரிவுப் பாகம் வெளியிடுவது வழக்கம். 2011-இல் வந்த ஸ்கைரிமுக்கு 2012-இல் வந்த விரிவுப் பாகம் விளையாடுவோரை ஒரு தீவுக்கு அழைத்துச் சென்றது. அங்கே வீடுகளின் அலமாரிகளில் சிறு நூல்கள் கிடக்கும். எடுத்துப் படித்தால் அந்நாட்டின் பழைய வரலாறு விளங்கும். நிலம் புதிதாயினும் அதன்பின் பழங்கதை ஒன்று இருந்தால்தான் மனம் அதனை நம்புகின்றது.

நம்மவரும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. புனே நகரில் உருவாகி 2020-இல் வெளிவந்த 'ராஜி' நம் நாட்டுப் புராணங்களை அடிப்படையாகக் கொண்டது. 2023-இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து வந்த 'வெண்பா' நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் பழைய சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டலியும் பிறவும் சமைப்பதே அவ்விளையாட்டு. குறிப்பேடு கிழிந்தால் சுவையும் மறையும் என்பதைக் கடல் கடந்த தமிழர் உணர்ந்து சொல்லியிருக்கின்றனர்.

இனி, நம் மாணவரின் ஆசைக்கு வருவோம். ஒரு கற்பனை நிலத்தைப் படைக்கும் முறையைத் தொல்காப்பியர் நமக்கு முன்பே வகுத்துத் தந்துள்ளார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள். விரிவுப் பாகம் எழுதப் புகுவோர்க்கு இதனினும் தெளிவான வழிகாட்டி வேண்டுமோ?

மாட்டுப்பட்டிக்கு முதற்பொருள் குறிஞ்சி. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியே இங்குக் காலத்தை அளக்கும் கருவி. 2006-இலும் 2018-இலும் மலர்ந்தது, அடுத்து 2030-இல் மலரவேண்டும். கதையில் ஒரு வாயில் குறிஞ்சி பூக்கும் ஆண்டில் மட்டுமே திறக்கும் என்று அமைக்கலாம். வரையாடும் யானையும் விலங்குகள். மறையூரில் நிற்கும் பெருங்கற்காலத்து முனியறைகள் மறைபொருள் பொதிந்த இடங்கள்.

மறைந்துபோன ஓர் இருப்புப்பாதையும் உண்டு. 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் சிறிய இரயில் பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில், மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைச் சுமந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர்ச் சமவெளியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அப்பாதையை அழித்துவிட்டது. பின்னர் அது மீண்டும் ஓடவேயில்லை. மழையிரவில் அவ்வண்டியின் ஓசையைத் தேடிச் செல்லும் பணி ஒன்று, எந்த அயல்நாட்டுக் கதைக்கும் குறையாது.

எனினும் இரண்டு எச்சரிக்கைகளைக் கூறாது விடுவதற்கில்லை. இம்மலையில் நமக்கு முன்னரே வாழ்வோர் முதுவர். தம் முன்னோர் மதுரையிலிருந்து முதுகில் சுமைகளுடன் காடேறி வந்தனர் என்பது அவர்தம் வழக்கு. அயல்நாட்டு விளையாட்டுகள் பலவற்றில் காட்டில் வாழ்வோர் வெட்டி வீழ்த்தப்படும் பகைவராகவே வருவர். அப்பிழையை நாம் செய்யலாகாது. அவர்கள் கதையைச் சொல்ல விரும்பினால் அவர்களைக் கேட்டே சொல்லவேண்டும். மற்றொன்று, 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து எழுபது உயிர்கள் மாண்டன. அத்துயரம் விளையாட்டுப் பொருளாகாது. அங்கே தலைகுனிந்து நிற்பதே முறை.

உரிப்பொருள் யாது? குறிஞ்சிக்குரியது கூடல், பாலைக்குரியது பிரிவு. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணியிடம் முன்பணம் பெற்று வந்த நம் முன்னோர், குறிஞ்சி நிலத்தில் வாழ்ந்தும் பாலையின் பிரிவையே நெஞ்சில் சுமந்தனர். இலக்கணத்தார் இதனைத் திணை மயக்கம் என்பர். அந்த மயக்கமே நம் கதையின் உயிர்நிலை. ஸ்கைரிமின் அலமாரியில் மன்னர் வரலாறு கிடக்கும். நம் விளையாட்டில் ஒரு பழைய கங்காணியின் கணக்கேடு கிடக்கட்டும். அதில் ஊர், பெயர், கடன் என மூன்றே பத்திகள் இருந்தாலும் போதும். ஒரு குலத்தின் வரலாறு அதனுள் அடங்கிவிடும்.

ஆனால் அவ்வேட்டை எங்கே தேடுவது? தோட்டத்தில் வேலை உள்ளவரையே லயத்து வீடு நமக்கு உரியது. ஓய்வு பெற்றபின், அவ்வீட்டில் வேலைக்கு ஆள் இல்லையெனில், குடும்பம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு மலையிறங்குகின்றது. தட்டுமுட்டுச் சாமான்கள் வண்டியில் ஏறும். அடுப்படியில் பாட்டி சொன்ன கதை ஏறுவதில்லை. வீட்டோடு கதையையும் காலி செய்துவிட்டால், பேரன் அயலார் கட்டிய கற்பனை நாட்டில்தான் குடியேறுவான். அவனைக் குறை கூறுவதில் பயன் என்ன?

ஆகவே பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இத்திங்களிலேயே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வீட்டுப் பெரியவரிடம் ஐந்து வினாக்கள் கேளுங்கள். எவ்வூரிலிருந்து வந்தீர்கள்? எவ்வழியே மலையேறினீர்கள்? உடன் வந்தோர் யாவர்? முதல் இரவு எங்கே தங்கினீர்கள்? எந்தத் தெய்வத்தை இங்குக் கொண்டுவந்து வைத்தீர்கள்? விடைகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, ஒரு படியை நம் இதழுக்கும் அனுப்புங்கள்.

அந்த மாணவர் திருப்பூருக்குத் திரும்புமுன் தம் பாட்டியின் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டோம். விளையாட்டு பிறக்குமோ பிறவாதோ, நாம் அறியோம். முதல் ஏடு நிரம்பிவிட்டது. அதுவே நமக்கு மகிழ்ச்சி.