எம்டன் தெரியும்... சிட்னி தெரியுமா?

திருக்கடையூரில் முகூர்த்த நாள் என்றால், கோயில் முழுக்கக் கல்யாண வீடுதான். 60 வயது நிறைந்தவர்களுக்கு மணிவிழா, 70-ல் பீமரத சாந்தி, 80-ஐத் தாண்டியவர்களுக்குச் சதாபிஷேகம். கலசத் தண்ணீரில் நனைந்த தாத்தாவும் பாட்டியும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க, பேரன் பேத்திகள் தூணுக்குத் தூண் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு வாண்டு, தாம்பாளத்து வாழைப்பழத்தை யாருக்கும் தெரியாமல் உருவிவிடும். "சரியான எம்டன்டா நீ!" என்று ஏதாவது ஒரு பெரியவர் சொல்லிச் சிரிப்பார்.

சூட்டிகையான பிள்ளை எம்டன். யாருக்கும் பிடிகொடுக்காதவர் எம்டன். வீட்டையே நடுங்க வைக்கும் அப்பாவும் எம்டன்தான். 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, பிறகு 'எம் மகன்' என்று மாறி 2006-ல் வந்த படத்தின் நாசரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல், சென்னைமீது குண்டு போட்டது என்பது வரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதை வீழ்த்திய கப்பல் எது என்று கேட்டால்தான் யோசிப்போம். அதன் பெயர் சிட்னி. ஆஸ்திரேலியக் கப்பல். இந்த வாரம் அந்த இரண்டு கப்பல்களின் கதை.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. பசிபிக் கடலில் இருந்த ஜெர்மானியக் கப்பல் படையிலிருந்து எம்டன் மட்டும் தனியாகப் பிரிந்து வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். கப்பலுக்குப் புகைபோக்கிகள் மூன்று. தூரத்திலிருந்து பார்த்தால் ஆங்கிலேயக் கப்பல்போலத் தெரிய வேண்டும் என்று, பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றையும் செய்து நிறுத்திக்கொண்டார்கள். இரண்டே மாதங்களில் 20-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மடக்கியது எம்டன்.

மடக்கிய கப்பல்களின் ஆட்களை முல்லர் கொல்லவில்லை. அவர்களைப் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றிவிட்டுத்தான், பிடித்த கப்பலை மூழ்கடிப்பார். 'கபிங்கா' என்ற கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அந்தக் கப்பலை மூழ்கடிக்காமலே விட்டுவிட்டார்.

செப்டம்பர் 22 இரவு, சுமார் ஒன்பதரை மணிக்கு எம்டன் சென்னைக்கு வந்தது. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். எம்டன் என்ற சொல்லும் அவர்களோடு ரயிலேறிக் கிராமங்களுக்குப் போயிருக்க வேண்டும்.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த ஆண்டில் அவர் ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலுமாக இந்திய விடுதலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

சென்னைக்குப் பிறகு எம்டன் இலங்கைப் பக்கம் போய்க் கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் 28-ல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, ரஷ்யப் போர்க்கப்பல் 'ஜெம்சுக்'கை மூழ்கடித்தது. அதில் 80-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். நம் டெல்டாக்காரர்களுக்குப் பினாங்கு அந்நிய ஊர் அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்குக்குப் போய், அங்கே தோட்டத்திலும் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்த உறவுக்காரர்கள் இங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு இருந்தார்கள். கடல் அடைபட்டால் கடிதமும் வராது, பணமும் வராது. எம்டனின் சாகசத்தைக் கேட்டு ஊர் ரசித்தபோது, அக்கரைக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் வயிற்றில் புளி கரைந்திருக்கும்.

இனி சிட்னி. ஆஸ்திரேலியா ஒரே நாடாக ஒன்றுசேர்ந்தது 1901-ல். அதன் கடற்படைக்கு இன்றைய பெயர் கிடைத்தது 1911-ல். புதுக் கப்பல்கள் அணிவகுத்து முதன்முதலாகச் சிட்னி துறைமுகத்துக்குள் நுழைந்தது 1913 அக்டோபர் 4-ல். அந்த அணிவகுப்பில் ஊரின் பெயரையே தாங்கி வந்த கப்பல்தான் 'சிட்னி'.

ஓராண்டு கழித்து, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு 38 கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் மேற்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றுக்குக் காவல் வந்த போர்க்கப்பல்களில் சிட்னியும் ஒன்று. எம்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

நவம்பர் 9 காலை, எம்டன் கோகோஸ் தீவுகளுக்கு வந்தது. இலங்கைக்குத் தென்கிழக்கே, நடுக்கடலில் உள்ள பவளத்தீவுகள் அவை. அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைக்கச் சுமார் 50 வீரர்கள் கரையில் இறங்கினார்கள். கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்கும்போது, "எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நிலையத்து ஊழியர்கள் கேட்டார்களாம். ஜெர்மானியர்களும் அப்படியே செய்தார்களாம். ஆனால், ஊழியர்கள் அதற்கு முன்பே காரியத்தை முடித்திருந்தார்கள். 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது, உதவி தேவை' என்ற செய்தி போய்விட்டது.

படைக் கப்பல்கள் அப்போது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தன. சிட்னி பிரிந்து விரைந்தது. கேப்டன் ஜான் குளோசப். ஒன்பதே கால் மணிக்கெல்லாம் தீவு கண்ணில் பட்டது. கரையில் இறங்கிய தன் ஆட்களை அழைத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் எம்டன் கடலுக்குள் திரும்பியது. முதலில் சுட்டதும், முதலில் குறி தவறாமல் அடித்ததும் எம்டன்தான். ஆனால், சிட்னியின் குண்டு ஒவ்வொன்றும் 45 கிலோ. எம்டனின் குண்டு அதில் பாதிகூட இல்லை. வேகத்திலும் சிட்னிக்குத்தான் கை ஓங்கியிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எம்டனின் மூன்று புகைபோக்கிகளும் சரிந்தன. மூழ்குவதைவிட மேல் என்று, முல்லர் கப்பலைப் பவளப்பாறைமீது ஏற்றி நிறுத்தினார்.

அதோடு முடியவில்லை. எம்டனுக்கு நிலக்கரி கொண்டு வந்த கப்பலைத் துரத்திவிட்டு மாலையில் சிட்னி திரும்பியபோது, எம்டனில் ஜெர்மானியக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடையும்படி சைகை காட்டினார்கள். சரியான பதில் இல்லை. குளோசப் மறுபடியும் சுட உத்தரவிட்டார். நகரக்கூட முடியாத கப்பலில் இன்னும் சிலர் செத்தார்கள். பிறகுதான் கொடி இறங்கியது. எம்டனில் மொத்தம் 134 பேர் இறந்தார்கள். சிட்னியில் 4 பேர்.

அன்று சிட்னியில் இருந்தவர்களில் பல பேர், 'டிங்கிரா' என்ற பயிற்சிக் கப்பலிலிருந்து வந்த பையன்கள். வயது 16, 17. அந்த வயதைக் கேட்டதும் திருக்கடையூர்க்காரர்களுக்கு மார்க்கண்டேயன் நினைவு வராமல் இருக்காது. 16 வயதில் எமன் வீசிய கயிற்றுக்குத் தப்பி, சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளை. அந்த எமனையே உதைத்த காலசம்ஹார மூர்த்தியின் சந்நிதி என்பதால்தானே, 60-ம் 80-ம் கொண்டாட இங்கே வருகிறோம்? கோகோஸில் அதே வயதுப் பையன்கள் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பவளப்பாறையில் கிடந்த கப்பலில் செத்தவர்களும் அவர்களுக்கு அண்ணன் வயதுக்காரர்கள்தான்.

நவம்பர் 15-ல் காயம்பட்ட ஜெர்மானியர்களைச் சுமந்துகொண்டு சிட்னி கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. அங்கே ஆஸ்திரேலியப் படைக் கப்பல்கள் நின்றிருந்தன. புதுக் கடற்படைக்கு முதல் பெரிய வெற்றி. ஆயிரக்கணக்கான வீரர்கள் தளத்தில் கூடியிருந்தார்கள். ஆனால், யாரும் ஆரவாரம் செய்யவில்லை. கப்பலில் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள், கோஷம் வேண்டாம் என்று குளோசப் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

எம்டனில் உயிர் பிழைத்தவர்களுக்கு, குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் பின்னாளில் அனுமதி கிடைத்தது. அங்கே அது பரம்பரைப் பெயர். நமக்குச் செல்லப் பெயர். எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் இருக்கிறது. சிட்னி கப்பலின் பாய்மரக் கம்பம் அதே நகரின் பிராட்லிஸ் ஹெட் முனையில் நிற்கிறது. பிள்ளைகள் அங்கே குடியேறியிருந்தால், அடுத்த முறை போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றச் சுவரில் எம்டன் தாக்குதலின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது.

நம் மொழி எம்டனின் சாமர்த்தியத்தை எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரனுக்கே தண்ணி காட்டியவன் என்ற ரகசிய சந்தோஷமும் அதில் இருந்திருக்கும். இருக்கட்டும். உங்கள் வீட்டு வாண்டு "எம்டன்னா என்ன தாத்தா?" என்று கேட்டால், பொய்ப் புகைபோக்கிக் கதையைச் சொல்லுங்கள். அப்படியே, ஜெயித்த கப்பல் கொழும்புக்குள் சத்தமில்லாமல் நுழைந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.