தேதிக்குள் கட்டினால் போதுமா?

"நாங்கள் தேதி தவறாமல் பணம் கட்டிவிடுகிறோம். எங்களுக்கும் வட்டிக்கும் என்ன தொடர்பு?" என்னும் கேள்வி இன்று நம் வீடுகளில் பரவலாக எழுகிறது. துணிக்கடையிலும், வீட்டுச் சாமான்கள் விற்கும் பேரங்காடியிலும் பில் போடும் இடத்திலேயே ஒருவர் நின்றுகொண்டு, "எங்கள் கடையின் கடன் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், முதன்முறை வாங்கும் பொருளுக்குத் தள்ளுபடி உண்டு" என்று அழைக்கிறார். பெருநாள் துணி எடுக்கச் சென்றவர் துணியோடு ஒரு கையெழுத்தையும் போட்டுவிட்டு வருகிறார். சில நாட்களில் அட்டை வீடு தேடி வந்துவிடுகிறது. வட்டிக்காரன் வாசலில் நின்றால் கதவைச் சாத்தும் குடும்பங்களிலும் இந்த அட்டை சட்டைப்பையில் அமர்ந்து சலாம் வாங்கிக்கொள்கிறது.

அட்டை வைத்திருப்போரை ஏசுவது என் நோக்கமன்று. என் குற்றச்சாட்டின் பெரும்பகுதி என் போன்ற ஆலிம்களின் மீதே விழுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். கணவர் வெளிநாட்டில் வேலை செய்பவர். விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு கடையின் பெயர் பொறித்த கடன் அட்டையில் குளிர்பதனப் பெட்டியும் துணிமணிகளுமாக 40,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சென்றிருக்கிறார். "ஹஜ்ரத், பதினான்கு மாதமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அவர்கள் கேட்ட தொகையைக் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். கடன் மட்டும் குறையவே இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

இருபத்தைந்து ஆண்டுகளாக ஃபிக்ஹு நூல்களில் 'கிதாபுல் புயூஉ' என்னும் வணிக இயலைப் பாடம் நடத்தியவன் நான். பொன்னுக்குப் பொன், கோதுமைக்குக் கோதுமை என்று ரிபாவின் வகைகளை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தவன். ஆயினும் அந்த ஒரு தாளைப் படித்துப் பொருள் சொல்ல என்னால் இயலவில்லை. "வட்டி ஹராம், தாயே" என்று சொல்லத் தெரிந்தது. வட்டி அந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டு, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் சென்று வரிவரியாகக் கேட்டு அறிந்தேன். அறிந்ததை இங்கே சொல்லுகிறேன்.

அட்டைக்காரர் மாதந்தோறும் அனுப்பும் கணக்கில் இரு தொகைகள் இருக்கும். ஒன்று, மொத்தம் செலுத்த வேண்டிய தொகை. மற்றொன்று, செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை. இரண்டாவது தொகை பெரும்பாலும் நிலுவையில் ஐந்து விழுக்காடு அளவில் இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, அவ்வளவுதான். வட்டி விழாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தாயார் அதைத் தவணை என்று எண்ணிக்கொண்டார். தவணையில் முதல் குறையும். இதில் குறைவது பெயரளவுக்கே.

கணக்கைப் பாருங்கள். மாதத்திற்கு 3.5 விழுக்காடு வட்டி என்பது இத்தகைய அட்டைகளில் வழக்கமாகக் காணப்படும் விகிதம். ஆண்டுக்கு அது 42 விழுக்காடு. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரி வேறு. 40,000 ரூபாய்க் கடனில் மாதந்தோறும் ஐந்து விழுக்காடு மட்டும் கட்டி வந்தால், பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ 27,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். நிலுவையோ 34,000 ரூபாய்க்கு மேல் அப்படியே நிற்கும். கட்டிய பணத்தில் 21,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கும் வரிக்குமே போய்விட்டது. இதைத்தான் அந்தப் பெண்மணி "மாதம் தவறாமல் கட்டினேன்" என்று நிம்மதியோடு சொன்னார்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. முழுவதையும் கட்டாமல் சிறிது மீதி வைத்தால் அந்த மீதிக்கு மட்டுமே வட்டி என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. மார்ச் முதல் தேதி 40,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 5 கடைசி நாள். அன்று 39,000 ரூபாய் கட்டி, 1,000 ரூபாயை மீதி வைக்கிறீர்கள். வட்டியில்லாக் காலம் என்னும் சலுகை அந்தக் கணமே பறிபோய்விடுகிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்து முழு 40,000-க்கும் 35 நாள் வட்டி கணக்கிடப்படும். அது ஏறத்தாழ 1,610 ரூபாய், வரியோடு 1,900. மீதி வைத்தது ஆயிரம்; அதற்காக வந்து சேர்வது ஆயிரத்துத் தொள்ளாயிரம்! மேலும், மீதி நிற்கும் வரை அடுத்து வாங்கும் பொருள்களுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையைக் கொண்டு ரொக்கமாகப் பணம் எடுத்தாலோ வட்டியில்லாக் காலம் என்பதே கிடையாது. எடுத்த நாள் முதல் வட்டியும், அதற்கு மேல் ஒரு கட்டணமும் உண்டு.

இவை மறைக்கப்பட்ட இரகசியங்களும் அல்ல. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீண்டு கூட்டு வட்டியில் முடியும் என்னும் எச்சரிக்கையைக் கணக்குத் தாளில் அச்சிட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில் கட்டளையிட்டது. அரசின் வங்கி எச்சரிக்கிறது. நம் மிம்பர்கள் வாய் திறக்கவில்லை!

இப்போது மார்க்கத்தின் தராசில் இதை வைத்துப் பார்ப்போம்.

அறியாமைக் காலத்து ரிபா எப்படி இருந்தது என்பதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்திருக்கிறது. தவணை முடிந்ததும் கடன் கொடுத்தவன் வந்து, இப்போது தீர்க்கிறாயா, அல்லது கூட்டித் தருகிறாயா என்று கேட்பான். தீர்த்தால் வாங்கிக்கொள்வான், இல்லையேல் தொகையைக் கூட்டித் தவணையை நீட்டுவான். மாதக் கணக்குத் தாளின் இரண்டு வரிகளை மறுபடியும் பாருங்கள். மொத்தத் தொகை என்பது "தீர்க்கிறாயா?" குறைந்தபட்சத் தொகை என்பது "கூட்டுகிறாயா?" மக்கத்துச் சந்தையில் கேட்கப்பட்ட அதே கேள்வியைத்தான் மாதந்தோறும் அச்சிட்டு நம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"வணிகமும் கடனும் ஒன்றுதானே? கடைக்காரரும் தவணைக்கு விலை கூட்டித்தானே விற்கிறார்?" என்பர் சிலர். இந்த வாதம் புதியதன்று. வணிகம் வட்டியைப் போன்றதே என்று சொன்னவர்களை அல்பகறா அத்தியாயத்தின் 275-ஆவது வசனம் கண்டித்து, ஒன்றை ஆகுமாக்கி மற்றொன்றைத் தடுத்திருப்பதை அறிவோம். கடைக்காரரே தம் பொருளை ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று சொல்லி, வாங்குபவர் ஒன்றை உறுதி செய்துகொண்டால், அது விற்பனை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இதை அனுமதித்துள்ளனர். அவ்விலை பின்னர் தாமதத்திற்காக ஒரு காசும் கூடலாகாது என்பதே நிபந்தனை. கடன் அட்டையிலோ நிலைமை வேறு. கடையின் பெயர் முகப்பில் இருந்தாலும், கடைக்குப் பணம் கொடுப்பது பின்னாலுள்ள வங்கி. நமக்கும் வங்கிக்கும் இடையே பொருள் இல்லை. பணம் மட்டுமே இருக்கிறது. அது கர்ள், அதாவது கடன். கடனில் நிபந்தனையாக விதிக்கப்படும் எந்தக் கூடுதலும் ரிபா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை.

இதே அளவுகோலால் 'செலவில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தையும் அளந்து பாருங்கள். பல நேரங்களில் நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது, அவ்வட்டிக்குச் சமமான தொகையைக் கடை விலையில் தள்ளிவிடுகிறது. வாங்குபவர் கையெழுத்திடுவது வட்டிக் கடனுக்கே. வட்டி மீதான வரியும், நடைமுறைக் கட்டணமும் அவர் தலையில் விழுகின்றன. சுழிய விழுக்காட்டு வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013-ஆம் ஆண்டு சுற்றறிக்கையில் சொல்லிற்று. வட்டி வங்கியே இல்லை என்று சொன்னதை, வட்டியை வெறுக்கும் நாம் உண்டென்று நம்புவது விந்தையல்லவா?

இனி, தலைப்பில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். தேதிக்குள் முழுத் தொகையும் கட்டிவிடுபவர் நிலை என்ன? ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000-ஆம் ஆண்டு ரியாதில் கூடி, வட்டி நிபந்தனை அடங்கிய கடன் அட்டையை வழங்குவதும் பயன்படுத்துவதும் கூடாது, சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்று தீர்மானித்தது. அட்டை வழங்கும் பணிக்கு உரிய நிலையான கட்டணத்தை அது தடுக்கவில்லை. தாமதித்தால் வட்டி தருவேன் என்று கையெழுத்திடுவதையே தடுத்தது. நம் துணைக்கண்டத்து ஆலிம்களில் சிலர், தேவை கருதி, முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் செலுத்தும் உறுதியான ஏற்பாடு இருந்தால் அனுமதிக்கலாம் என்கின்றனர். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அனுமதியைப் பற்றிக்கொண்டு நிபந்தனையைக் காற்றில் விடுவோரை எப்படி மதிப்பது? தள்ளுபடியும் பரிசுப் புள்ளிகளும் தேவை ஆகுமா? அப்புள்ளிகள் வானத்திலிருந்து பொழிவன அல்ல. வணிகர் தரும் கட்டணத்திலிருந்தும், தவறி விழுந்தவர் தரும் வட்டியிலிருந்தும் வருபவை. அந்தத் தாயார் கட்டிய 21,000 ரூபாயில் நம் பரிசுப் புள்ளியின் பங்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் உண்ட சோறு உள்ளே இறங்குமா?

நான் கொள்ளும் முடிவு இது. கணக்கிலுள்ள பணத்தை மட்டுமே எடுக்கும் பற்று அட்டை நம் தேவைகளில் பெரும்பாலானவற்றிற்குப் போதும். கடன் அட்டையைத் தவிர்ப்பதே தக்வாவுக்கு நெருக்கமானது. தவிர்க்க இயலாதவர், அனுமதித்த ஆலிம்களின் நிபந்தனையையாவது முழுமையாக நிறைவேற்றட்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் செல்லும் ஏற்பாட்டைச் செய்யும்போது 'மொத்தத் தொகை' என்பதையே குறிக்க வேண்டும். பலர் 'குறைந்தபட்சத் தொகை' என்று குறித்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறார்கள். கையில் உள்ள பணத்துக்கு மேல் அட்டையில் வாங்கலாகாது. ரொக்கம் எடுக்கலாகாது. தவணையாக மாற்றித் தருகிறோம் என்னும் அழைப்புக்கு இணங்கலாகாது. கடைசி நாள் வரை காத்திராமல் சில நாள் முன்னரே கட்டிவிட வேண்டும். ஏற்கெனவே சிக்கியவர், அட்டையில் வாங்குவதை அன்றே நிறுத்திவிட்டு, நகையை விற்றேனும் உறவினரிடம் வட்டியில்லாக் கடன் பெற்றேனும் ஒரே முறையில் தீர்த்துவிட வேண்டும். தீர்த்தபின் அட்டைக் கணக்கை மூடும்படி கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடித் தர வேண்டும் என்பதும் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் உள்ள விதி.

சட்டம் நம்மைக் காக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 30 விழுக்காட்டுக்கு மேல் கடன் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது.

இறுதியாக ஜமாஅத்துகளிடம் சில சொற்கள். கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருமறை (2:280). கஷ்டப்படுபவனிடமே கூடுதலாகப் பறிக்கிறது இந்த அட்டை. இவ்விரண்டுக்கும் இடையே நாம் எங்கே நிற்கிறோம்? கடன்பட்டோருக்கு ஜகாத்தில் ஒரு பங்கை இறைவன் (9:60) எழுதி வைத்திருக்கிறான். நம் ஊர்கள் சிலவற்றில் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்து வருகின்றன; அவை வாழ்க! ஏனைய ஊர்களில் ஒரு வலீமா விருந்தின் செலவில் பாதியைக் கொண்டு அத்தகைய நிதி ஒன்றைத் தொடங்க முடியாதா? மதரஸாக்களில் ரிபா பாடம் நடத்தும் நாளில் ஒரு கணக்குத் தாளையும் மாணவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாதா? வட்டியை உண்பவன், கொடுப்பவன், எழுதுபவன், அதன் இரு சாட்சிகள் எல்லாரையும் சமமாகச் சபித்த நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். வட்டி கொடுப்பவனும் அப்பட்டியலில் இருக்கிறான் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லாமல் இருந்தவர்கள் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

அந்தத் தாயாரின் கடன் தீர்ந்துவிட்டது. இரு வளையல்கள் விற்கப்பட்டன. மீதியை அவருடைய காக்கா வட்டியின்றித் தந்தார். அட்டையைக் கத்தரியால் வெட்டி, இரு துண்டுகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இவ்வாண்டு வணிக இயல் பாடத்தை அத்துண்டுகளை மாணவர்களுக்குக் காட்டித்தான் தொடங்கினேன். அல்லாஹ் நம் அனைவரையும் கடனின் சுமையிலிருந்தும் ரிபாவின் புழுதியிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.