குண்டப்பா விஸ்வநாத்: சராசரி சொல்லாத கணக்கு

தேவராஜ மொஹல்லா (மைசூரு): இந்திய டெஸ்ட் அணியின் நடுவரிசையைப் பல ஆண்டுகள் தாங்கிய சேதேஷ்வர் புஜாரா, 2025 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். அவர் கடைசியாக டெஸ்டில் ஆடியது 2023 ஜூனில். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின், பிரியாவிடைப் போட்டி ஏதுமின்றி, சமூக ஊடகப் பதிவு ஒன்றுடன் அவரது ஆட்டக்காலம் முடிந்தது. 103 டெஸ்டுகளில் 7,195 ரன்கள், சராசரி 43.60. ஐம்பதைத் தொடாத சராசரி கொண்ட ஒரு பேட்ஸ்மேனின் மதிப்பை எப்படி அளப்பது என்ற கேள்வி இதனால் மீண்டும் எழுந்துள்ளது.

இக்கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விடையளித்தவர் ஜி.ஆர். விஸ்வநாத். பத்ராவதியில் பிறந்த அவர், கர்நாடக அணி 'மைசூர்' என்ற பெயரில் ரஞ்சி கோப்பையில் ஆடிய காலத்தில் அறிமுகமானவர். 1967-இல் ஆந்திராவுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்திலேயே 230 ரன்கள் குவித்தார். 1969-இல் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அறிமுக டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் ரன் ஏதுமின்றி வெளியேறி, இரண்டாவதில் 137 ரன்கள் எடுத்தார்.

அதுவரை அறிமுக டெஸ்டில் சதமடித்த இந்தியர்கள் எவரும் இரண்டாவது டெஸ்ட் சதத்தை எட்டியதில்லை. லாலா அமர்நாத், சென்னையின் கிருபால் சிங் உள்ளிட்ட ஐவருக்கும் இதுவே நேர்ந்தது. அந்த வழக்கத்தை முறியடித்தவர் விஸ்வநாத்.

சேப்பாக்கத்தின் 97

91 டெஸ்டுகளில் 6,080 ரன்கள், 14 சதங்கள், சராசரி 41.93. இன்றைய அளவுகோலில் இவை மலைக்க வைக்கும் எண்கள் அல்ல. ஆனால், அவர் சதமடித்த 14 டெஸ்டுகளில் ஒன்றில்கூட இந்தியா தோற்கவில்லை. நான்கில் வென்றது, பத்து டிராவில் முடிந்தன. 1976-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 ரன்கள் என்ற இலக்கை இந்தியா எட்டியபோது அவர் எடுத்த 112 ரன்களும், 1981-இல் மெல்போர்ன் வெற்றிக்கு அடித்தளமிட்ட 114 ரன்களும் இவற்றுள் அடங்கும்.

அவரது மிகச் சிறந்த ஆட்டமாகப் பலரும் கருதுவதோ சதமே அல்ல. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இந்தியா 190 ரன்களில் சுருண்டது. அதில் பாதிக்கும் மேலாக, ஆட்டமிழக்காமல் 97 ரன்கள் விஸ்வநாத்துடையவை. அந்த டெஸ்டை இந்தியா 100 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது.

நேர்மையின் விலை

1980 பிப்ரவரியில் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிரான பொன்விழா டெஸ்டில் அவர் கேப்டன். இங்கிலாந்து 58 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தடுமாறிய பின், பாப் டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்தார். பந்து மட்டையில் படவில்லை எனக் கருதிய விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயன் போத்தமும் 171 ரன்கள் சேர்த்தனர். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இடம்பெறாத இம்முடிவே இன்றுவரை அதிகம் நினைவுகூரப்படுகிறது.

எனினும், அவருக்கும் பிரியாவிடைப் போட்டி கிட்டவில்லை. 1983 தொடக்கத்தில் பாகிஸ்தான் தொடருக்குப் பின் நீக்கப்பட்ட அவர், அடுத்த சில மாதங்களில் உலகக் கோப்பையை வென்ற அணியில் இல்லை. கராச்சியில் ஆடியதே கடைசி டெஸ்ட் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

42 ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஃபார்ம் இழந்த வீரரை நீக்குவது தேர்வுக்குழுவின் கடமை, அதில் தவறில்லை. ஆனால், நீக்கத்தை வெளிப்படையாக விளக்குவதும், எந்தச் சூழலில், எந்தப் பந்துவீச்சுக்கு எதிராக ரன்கள் வந்தன என்பதைச் சேர்த்து எடைபோடுவதும் அதே கடமையின் பகுதிகளே. 2025 ஆகஸ்டில் மகாராஜா கோப்பை டி20 தொடர் பெங்களூரிலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டு நடைபெற்றது. ஸ்ட்ரைக் ரேட்டைக் கொண்டே மதிப்பிடப்படும் இத்தலைமுறை வீரர்களிலும், அணி தடுமாறும் வேளையில் நிலைத்து நிற்கும் ஒருவர் இருக்கக்கூடும். சராசரியை மட்டுமே பார்க்கும் தேர்வுமுறையின் கண்ணில் அவர் படாமலே போகலாம்.