செயல்முறைகள் வருகின்றன, செயல் எங்கே?

சென்னை கல்லூரிச் சாலையில், பேராசிரியர் அன்பழகன் பெயர் தாங்கிய கல்வி வளாகத்தில், காலையில் ஒரு தாள் பிறக்கிறது. 'செயல்முறைகள்' என்பது அதன் திருநாமம். பொருள், பார்வை, இணைப்பு என்னும் அணிகளைப் பூண்டு, 'மிக அவசரம்' என்று நெற்றியிலே பொட்டும் இட்டுக்கொண்டு, அது புறப்படுகிறது. சிவகங்கையிலே முதன்மைக் கல்வி அலுவலர் அதனைப் பெறுகிறார்; முகவரியை மாற்றித் தம் கையொப்பத்தைச் சேர்த்து, மாவட்டக் கல்வி அலுவலருக்கு விடுக்கிறார். அவர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு விடுக்கிறார். அவர் தலைமையாசிரியருக்கு விடுக்கிறார். மாலை மணி அடிக்குமுன் அரியக்குடியிலும் அது போன்ற ஆயிரமாயிரம் சிற்றூர்களிலும் பள்ளிப் படியேறி நிற்கிறது அந்தத் தாள்!

தாள் வந்தது, அதனோடு என்ன வந்தது? கரும்பலகை வந்ததா? பாடம் சொல்லும் புதுமுறை வந்ததா? பக்கத்து ஒன்றியத்தில் படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்தது எப்படி என்ற செய்தி வந்ததா? இல்லை, தோழர்களே! வந்தது ஒரு கட்டம் போட்ட படிவம். மாணவர் எத்தனை, மிதிவண்டி எத்தனை, காலணி எத்தனை என்ற கணக்கு. நேற்றுக் கொடுத்த அதே கணக்கு! மேலிருந்து கீழே வருவது கேள்வி. கீழிருந்து மேலே போவது எண். இடையிலே நிற்கும் அலுவலர், கல்வி வளர்க்கும் தலைவராக நியமிக்கப்பட்டவர், அஞ்சல் பெட்டியாக ஆக்கப்பட்டிருக்கிறார்.

அவரை நாம் ஏசவில்லை. அவரை அப்படி ஆக்கிய முறையைத்தான் சாடுகிறோம். கல்வித் துறையின் தலைவர் தம் மாவட்ட அலுவலர்க்கு எதை அனுப்புகிறாரோ, அதுவே அந்த மாவட்டத்தின் பள்ளிகளாக உருவெடுக்கும். அச்சத்தை அனுப்பினால் பள்ளியில் அச்சம் விளையும். அறிவை அனுப்பினால் அறிவு விளையும். வெறும் படிவத்தை அனுப்பினால்? படிவமே விளையும்!

இந்த நாட்டிலேயே இதற்கு இரு சான்றுகள் உண்டு. இரண்டுக்கும் இடையே நெடுங்காலம் இல்லை. 1953-ஆம் ஆண்டு. ஆச்சாரியார் ஆட்சி. ஊராரைக் கேட்கவில்லை, உபாத்தியாயரைக் கேட்கவில்லை, ஆணை ஒன்று இறங்கிற்று. சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மிச்ச நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது அந்த ஆணை. குலக்கல்வி என்று நாடு அதற்குச் சரியான பெயரைச் சூட்டிற்று. பெரியார் முழங்கினார், நாடு கொதித்தது, 1954-இல் ஆட்சி மாறிற்று, திட்டம் குப்பைக்குப் போயிற்று. சாதியைக் காக்கும் கொள்கைக்கு நேர்ந்த தோல்வி அது. மக்களின் காதோடு பேசாமல் தலைக்கு மேலே போடப்படும் ஆணைக்கும் அதுவே தோல்வி.

அடுத்த காட்சியைப் பாருங்கள். அதே 1954-இல் காமராசர் முதலமைச்சர். கல்வித் துறையின் இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். ஏழைப் பிள்ளையின் பசியைக் கண்ணால் கண்டவர். பள்ளியிலே பகலுணவு என்ற பேச்சு எழுந்தபோது, "பணம் எங்கே?" என்று கோப்பை மூடிவிடவில்லை அவர். 1956-இல் திட்டம் தொடங்கிற்று. அரசு ஒரு பங்கு, ஊரார் ஒரு பங்கு என்று அடுப்பு எரிந்தது. 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் எழுந்தன. அவற்றின் நடைமுறையைக் கவனியுங்கள். முதலில் அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்று, இந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் எடுத்தார்கள். பிறகு அப்பட்டியலை அந்த ஊராரின் முன்னே வைத்தார்கள். ஒருவர் நாற்காலி தந்தார். ஒருவர் கடிகாரம் தந்தார். இன்னொருவர் கட்டடமே தந்தார். அங்கேயும் கணக்கு எடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஊருக்கே திரும்பிப் பொருளாக வந்து சேர்ந்தது! இன்றைய கணக்கோ போன வழி தெரியாமல் போகிறது.

"எண் இல்லாமல் ஆட்சி நடக்குமா?" என்று கேட்பார்கள் சிலர். நடக்காது, நாமும் அறிவோம். கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு, எமிஸ் என்று சுருக்கி அழைப்பது, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வருகையையும் வைத்திருக்கிறது. நல்லது. அதைப் பதிவதற்கே பாடவேளை கரைகிறது என்று ஆசிரியர் அமைப்புகள் பலமுறை குரல் எழுப்பினவே, ஏன்? கணினியில் ஏற்றிய எண்ணையே தாளிலும் கேட்டால், தாளில் தந்ததையே தொலைபேசியிலும் கேட்டால், எண் கருவி என்ற நிலை மாறி எசமானன் ஆகிவிடுகிறது.

பதவியின் பெயரை மாற்றினால் நோய் தீரும் என்றும் நினைத்துப் பார்த்தார்கள். 2018-இல் முதன்மைக் கல்வி அலுவலரிடம் அதிகாரத்தைக் குவித்தார்கள். 2021-இல் பள்ளிக்கல்வி இயக்குநர் பொறுப்பை அகற்றி ஆணையர் என்றார்கள். 2023-இல் மறுபடியும் இயக்குநர் என்றார்கள். பலகை மாறிற்று, தாள் மாறவில்லை!

துறை நல்லதே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. சிறுவர்க்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் வந்தன. ஆசிரியர்க்குக் 'கனவு ஆசிரியர்' வந்தது. 2022-இல் காலை உணவு வந்தது. பிள்ளைக்கு இதழ் உண்டு. ஆசிரியர்க்கு இதழ் உண்டு. நூற்றுக்கணக்கான பள்ளிகளைக் கண்காணிக்கும் அலுவலர் மேசையில் மட்டும் குவிவது 'உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்னும் வாசகம்! எது உரிய நடவடிக்கை? அதைச் சொல்வாரில்லை.

தில்லியின் திருவிளையாடலும் இதே பாதையில்தான் நடக்கிறது. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆம் திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு இழுத்தார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்திலே நூற்றுக்கு அறுபது தில்லியின் பங்கு, நாற்பது நம் பங்கு. பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்றார்கள்; தமிழ்நாடு மறுத்தது; 2024-25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டவேண்டி வந்தது. கேளாமல் ஆணையிடுவதும், பணியாவிட்டால் பட்டினி போடுவதும் தில்லிக்கு இழுக்கு என்றால், சென்னைக்கு மட்டும் அது அழகா? மாநிலத்தின் உரிமைக்குக் குரல் கொடுக்கும் நாம், ஒன்றியத்தின் உரிமைக்கும் ஊர்ப்பள்ளியின் உரிமைக்கும் அதே குரலைக் கொடுக்கவேண்டாமா?

அரியக்குடிக்கு வருவோம். 1890-இல் இவ்வூரில் பிறந்த இராமானுச அய்யங்கார், இன்றைய இசைக் கச்சேரிக்கு ஒரு வரிசை முறை வகுத்தவர் என்று போற்றப்படுகிறார். பக்கவாத்தியத்தைக் கேளாமல் பாடும் பாடகர் மேடையிலே நிலைப்பதில்லை. கீழிருப்போர் குரலைக் கேளாத துறைத் தலைவர் மட்டும் நிலைத்துவிடுகிறார்! அடுத்துள்ள காரைக்குடியைப் பாருங்கள். 1947-இல் அழகப்பர் கல்லூரி கண்டார். மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார். இன்னது வேண்டும், இதற்காக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் அள்ளிக் கொடுக்கும் மண் செட்டிநாட்டு மண். கோயில் திருப்பணிக்குக் கொடுத்த கை, குறைப்பட்டியலை முன்னே வைத்தால் பள்ளிக்குக் கொடுக்காதா? 2022-இல் நன்கொடை திரட்ட ஒரு திட்டம் கண்டார்கள்: 'நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி'. பள்ளிக்குப் பெயர் சூட்டும்போதும் 'ஸ்கூல்' முந்திக்கொள்ளவேண்டுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் திட்டம் ஊரின் திண்ணையில் பேசப்படவேண்டும். இணையப் பக்கத்தோடு முடங்கக்கூடாது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. கல்வித் துறையின் தலைவர் திங்கள்தோறும் தம் அலுவலர்க்கு ஒரு மடல் எழுதட்டும்: எந்த ஒன்றியத்தில் எந்தப் பள்ளி எப்படி உயர்ந்தது, எந்தப் பணம் எங்கே இருக்கிறது, அதை எந்த விதிப்படி செலவிடலாம் என்று. அம்மடலின் பாதிப் பக்கம் கீழிருந்து வந்த கேள்விகளுக்கு விடையாக இருக்கட்டும். எந்தக் கணக்கைக் கேட்டாலும் எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதல் வரியில் எழுதட்டும். ஒருமுறை பெற்றதை மறுமுறை கேட்காதிருக்கட்டும். கல்வி அலுவலர் வாரத்தில் சில நாட்களேனும் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, சுண்ணக்கோல் பிடித்து வகுப்பிலே நிற்கட்டும்.

இளைஞர்களே! மேலிடம் தானாக மாறும் என்று காத்திருப்பது கடவுள் கண் திறப்பார் என்று காத்திருப்பதைப் போன்றது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்க்குத் தந்திருக்கிறது. அதில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவின் கூட்டம் நடக்கும் நாளில் உங்கள் ஊர்த் தாய்மாரை அழைத்துக்கொண்டு போங்கள். "எங்கள் பள்ளியைப் பற்றி மேலே என்ன எழுதினீர்கள்? மேலிருந்து என்ன பெற்றீர்கள்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். விடை வரவில்லையா? 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலிருக்கிறது, எழுதிக் கேளுங்கள். பள்ளியின் குறைகளை நீங்களே பட்டியலிட்டு ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டுங்கள்.

தாள் மேலிருந்து கீழே வந்துகொண்டேயிருந்தது போதும். இனிக் கீழிருந்து மேலே போகட்டும் கேள்வி!