நடுச்சுவர்

"ஒரு நாள் வேலைதான் தங்கச்சி. காலையில உடைச்சா, பொழுது சாயறதுக்குள்ள பூசிக் கொடுத்துடுவேன்."

ரிங்லெட்டில் அம்மாவின் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு கன்ட்ராக்டர் அண்ணன் சொன்னது இது. எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா உடனே தேநீர் போடப் போய்விட்டார்.

அம்மாவும் அவருடைய தம்பியான எங்கள் மாமாவும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். வேலை முடிந்தால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்காகவே சேமநிதிப் பணத்தைப் போட்டு, ஒரே வரிசையில் ஒட்டினாற்போல ஆளுக்கொரு மலிவு விலை வீடு வாங்கினார்கள். போன வருடம் அத்தை தவறிவிட்டார். மாமாவுக்குச் சர்க்கரை, பார்வை மங்கிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அம்மா தன் வாசலில் இறங்கி அவர் வாசலில் ஏறுகிறார். முழங்கால் வலியோடு, கேமரன் மலை மழையில், பாசி பிடித்த படியில். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே வீடாக்கிவிடலாம் என்று பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்தோம்.

வானொலியில் வாரம் தவறாமல் "எதற்கும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்" என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவள் நான். வெட்கத்துக்குப் பயந்தாவது விசாரிக்க வேண்டுமே! தானா ராத்தாவில் உள்ள மாவட்ட மன்றத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த அக்கா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு ஒரே வீடு வேண்டுமா, அல்லது ஒரு கதவு வேண்டுமா?"

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இல்லை.

வீட்டில் செய்யும் எல்லா வேலைக்கும் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சில வேலைகளுக்கு விலக்குத் தருகிறது. கட்டடத்தின் பயன்பாடு மாறக்கூடாது, வெளித்தோற்றம் பெரிதாக மாறக்கூடாது, உயரமோ தரைப்பரப்போ கூடக்கூடாது, கால்வாய்க்கும் கழிவுநீருக்கும் கட்டடத்தின் உறுதிக்கும் பாதிப்பு வரக்கூடாது. இதற்குள் அடங்கினால் 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்கிற அந்தத் தாள் தேவைப்படாது. ஆனால் நம் ஆட்கள் சுவரை மட்டும் உடைத்துவிட்டு நிற்பதில்லை. "உடைக்கிறதே உடைக்கிறோம், அடுப்படியையும் பின்னால நாலு அடி இழுத்துடுவோம்" என்பார்கள். எங்கள் கன்ட்ராக்டரும் சொன்னார். இழுத்த அன்றே தரைப்பரப்பு கூடிவிடும், பின்பக்கக் கால்வாய் மூடிவிடும், விலக்கும் போய்விடும். 2013-லும் 2014-லும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் போகும் வழியை மறிப்பது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அனுமதி தேவைப்படும் வேலையை அனுமதியில்லாமல் செய்தால் அபராதம் ஐந்து லட்சம் வெள்ளி வரை போகலாம், சிறையும் உண்டு. எங்கள் இரண்டு வீட்டையும் விற்றாலும் அவ்வளவு தேறாது.

திட்டமிடல் அனுமதி தேவையில்லை என்றாலும் கதை முடியவில்லை. வரிசை வீட்டின் நடுச்சுவர் சும்மா மறைப்புக்குக் கட்டியதல்ல. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பது அதுதான். 1984-ஆம் ஆண்டு கட்டட விதிகள்படி அந்தச் சுவர் கூரைக்கு மேலே 230 மில்லிமீட்டராவது எழும்பி நிற்க வேண்டும். சில வீடுகளில் அது கூரையின் பாரத்தையும் தாங்குகிறது. அதில் கை வைக்க, 1974-ஆம் ஆண்டு சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின் கீழ் பெலான் போட்டு மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். பெலானில் கையெழுத்துப் போடுகிறவர் பதிவு பெற்ற பொறியாளராகவோ கட்டடக் கலைஞராகவோ வரைவாளராகவோ இருக்க வேண்டும். "எத்தனையோ வீட்டுல உடைச்சிருக்கேன்" என்பவரின் கையெழுத்து செல்லாது.

இது கதவுக்கு. ஒரே வீடு வேண்டுமென்றால் மாவட்ட மன்றத்தோடு நில அலுவலகப் படியும் ஏற வேண்டும். சுவர் போனாலும் கிராண்ட் இரண்டாகவே இருக்கும். அவற்றை ஒன்றாக்குவதற்குத் தேசிய நிலச் சட்டத்தில் 146-ஆவது பிரிவு முதல் தனி வழி வைத்திருக்கிறார்கள். நிலங்கள் ஒட்டியிருக்க வேண்டும், குத்தகைக் காலமும் நில வகையும் ஒத்திருக்க வேண்டும், நிலவரி பாக்கி கூடாது, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு நிலத்துக்கும் உரிமையாளர் ஒருவராக இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு வியர்த்தது. மாமா தன் வீட்டை அம்மா பெயருக்கு எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு ஒப்பும். மலிவு விலை வீடு என்பதால் பெயர் மாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்று கிராண்டிலேயே போட்டிருக்கிறது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் முத்திரை வரியில் சலுகை உண்டு. தம்பி அக்காவுக்குக் கொடுத்தால் கிடையாது. எல்லாம் முடித்துக் கையில் ஒரு கிராண்ட் வந்த பிறகு, நாளைக்கு மாமா மகன் தன் அப்பாவின் பங்கைக் கேட்டால்? திரும்பப் பிரிக்க இன்னொரு விண்ணப்பம், இன்னொரு அளவை.

மாமா மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். "அங்கே வீவக வீடுகளையே ரெண்டு ரெண்டாச் சேர்த்து ஜம்போ வீடுன்னு விக்கிறாங்களே" என்றான். உண்மைதான், 1980-களின் கடைசியில் அப்படிச் செய்தார்கள். அங்கே சேர்த்தவர்களே கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள். லண்டனில் நிலைமை வேறு. ஒரு வீட்டை இரண்டாக்கினால் அது பயன்பாட்டு மாற்றம் என்று இங்கிலாந்தின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நேராகச் சொல்கிறது. இரண்டை ஒன்றாக்குவதைப் பற்றி அதே தெளிவோடு எதுவும் சொல்லவில்லை. ஆனால் கென்சிங்டன், வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற பகுதிகளின் மன்றங்கள் அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. பணக்காரர் ஒருவர் இரண்டு வீட்டை ஒன்றாக்கினால் ஊர்க்கணக்கில் ஒரு வீடு குறைந்துபோகிறதே என்பது அவர்கள் கவலை. அதைப் படித்தபோது எனக்கு லண்டன் நினைவுக்கு வரவில்லை. எங்கள் தோட்டத்து லயம்தான் நினைவுக்கு வந்தது.

கேமரன் மலையில் பெரிய அளவில் தேயிலை வந்தது 1929-க்குப் பிறகு. தோட்டங்களோடு லயங்களும் வந்தன. தகரக் கூரை, பலகைத் தடுப்பு, ஒரு குடும்பத்துக்கு ஒரு கதவு எண். தாத்தாவுக்கு ஒரு வீடு. மாமா பேர் பதிந்து கொழுந்து வெட்டப் போன பிறகு அவருக்குப் பக்கத்து வீடு. தாத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை தடுப்பில் நாலு பலகையைக் கழற்றி வழி செய்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. என் சின்ன வயதில் அதுதான் எங்கள் வீடு. ஒரு பக்கம் அடுப்படி, மறு பக்கம் சாமி படம். அது இரண்டு வீடு என்பதே எனக்குத் தெரியாது.

தாத்தாவுக்கு வேலை முடிந்தது. அவர் பேரில் இருந்த கதவு எண்ணை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு காலை தோட்டத்துத் தச்சர் வந்து அந்த வழியில் புதுப் பலகை வைத்து அறைந்தார். தெரிந்த மனிதர்தான், எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் ஆணி எடுத்தார். சாமி படம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பாட்டி வெளியே சுற்றிப் போய், புதிதாக வந்தவர்களிடம் கேட்டு வாங்கி வந்தார். உடைக்கும்போது வாய் திறக்காத தோட்டம், மூடும்போதும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. வீடு எங்களுடையதாக இருந்தால்தானே கேட்பதற்கு!

இதை அம்மாவிடம் நினைவூட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பா அறுபது வருசம் இருந்தும் ஒரு கிராண்ட்கூட பார்க்கல. நம்மகிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணாக்கச் சொல்றியா?" என்றார்.

தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. சுவரை எடுத்து இரண்டையும் சேர்த்தால் விடுமுறைக் காலத்தில் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவன் கணக்கு. அது வீட்டின் பயன்பாட்டையே மாற்றுகிற சங்கதி, அதற்குத் தனி அனுமதி என்றேன். "எல்லாரும் செய்றாங்க" என்றான். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை.

கடைசியில் கதவுதான் கேட்டிருக்கிறோம். வரவேற்பறைச் சுவரில் ஒரு வழி, மாமாவின் சக்கர நாற்காலி நாளைக்குத் தேவைப்பட்டாலும் நுழையும் அகலத்தில். தாப்பாவிலிருந்து ஒரு வரைவாளர் வந்து அளந்தார். வழிக்கு மேலே பாரம் தாங்க உத்தரம், இரண்டு பக்கமும் தீ தாங்கும் கதவு என்று வரைந்திருக்கிறார். கிராண்ட் இரண்டு, மின்சார மீட்டர் இரண்டு, வாசல் இரண்டு. நாளைக்குத் தேவையென்றால் செங்கல் வைத்து மூடிவிடலாம். கன்ட்ராக்டர் அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் வேலை அவருக்குத்தான்.

பெலான் மன்றத்தில் இருக்கிறது. பதில் வரும்வரை அம்மா படி இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். படியில் பாசியைச் சுரண்டிவிட்டு, பிடித்து நடக்க ஓர் இரும்புக் குழாய் பொருத்தியிருக்கிறோம். போன வாரம் வரைவாளர் போன் செய்து, கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். மாமா வேண்டவே வேண்டாம் என்றார். அம்மா இரண்டு பக்கமும் போடச் சொல்லிவிட்டார்.