அரைப் பேர்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். இந்தக் கணக்கு தெரியாமல் வளர்ந்தவள் அல்ல நான்; என் அம்மா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்க மலைக்குப் போனவர். ஆனாலும் பதுளை டவுனில் உளவளத்துணை அறை திறந்தபோது, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்று எழுதி மாட்டினேன். படித்த புத்தி.

தோட்டத்து ஆட்களுக்குக் கட்டணம் இல்லை என்றும் சொல்லியிருந்தேன். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வரவில்லை. ஏனென்று ஓர் அக்காதான் சொன்னார் (அவரை இனங்காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்): "இங்க வந்தா ஒரு பேரு போயிருதுங்க மிஸ். பஸ்ஸுக்கும் வேணும். அப்புறம் சும்மா வந்துட்டுப் போறது கடன் மாதிரி நிக்குதுங்க." 2021இல் ஆயிரம் ரூபாயாகி, 2024இல் 1,350 ஆன நாட்சம்பளம் அது. இலவசம் என்று நான் பெருமைப்பட்ட ஒரு மணி நேரத்துக்கு அவர் அவ்வளவையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு திறந்தேன், திங்கள் பூட்டினேன். சம்பளம் கிடைத்த ஞாயிறு தோட்டமே டவுனுக்கு இறங்கும். சாமான் வாங்க வந்த கூட்டத்திலிருந்து ஒரு மணி நேரம் நழுவினால் யாரும் தேட மாட்டார்கள். கட்டணமும் வைத்தேன், அரைப் பேர். "மிஸ்ஸுக்கு இன்னைக்கு அரைப் பேரு போட்டாச்சு" என்று சிரித்துக்கொண்டே காசை மேசையில் வைப்பார் ஒருவர். அவருக்கு அந்தச் சிரிப்பு வரவே மூன்று மாதம் பிடித்தது.

அறை முதலில் ஒரு மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. கொழுந்துக் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்தவர்களை அந்தப் படிகளே திருப்பி அனுப்பியிருக்கும். எத்தனை பேரை என்பது எனக்குத் தெரிய வழியில்லை. இப்போது கீழே, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. வாசல் ஒன்றுதான். "கண்ணு காட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். மனநல மருத்துவமனை இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் நாட்டில் இந்தப் பொய்க்கு நான் உடந்தை. கூச்சமில்லை.

தொலைபேசியில் பேசலாமே என்று கொழும்பு நண்பர்கள் கேட்பார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் பழைய லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் பல இடங்களில் அது கூரைத் தகரம் வரை போகாது. ஒருவர் அழுதால் நாலு காம்பரா தள்ளியும் கேட்கும். முதல் வருடம் நானே ஒரு பெண்ணின் நம்பருக்கு அழைத்து, யார் எடுத்தது என்று கேட்காமல் என் பெயரையும் தொழிலையும் சொல்லிவிட்டேன். எடுத்தவர் மாமியார். அந்தப் பெண் அதன்பின் வரவில்லை. இப்போது நான் யாரையும் அழைப்பதில்லை. அவர்கள் மலையிலிருந்தோ தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்தோ அழைப்பார்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் அழைக்கவென்று தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுக்கிறேன்.

மனச்சோர்வு என்ற சொல்லோடு இங்கே யாரும் வருவதில்லை. "யோசனை கூடிப்போச்சு" என்பார்கள். சிம்பாப்வேயின் ஷோனா மொழியிலும் இதற்கு இதே பொருளில் ஒரு சொல் இருக்கிறதாம், குஃபுங்கிசிசா, அளவு மீறி யோசிப்பது. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற உளமருத்துவர் 2006இல் ஹராரேயில் பாட்டிமாரைப் பழக்கி, வருகிறவர்களின் மனக்குறை கேட்க சுகாதார நிலையங்களின் வெளியே வாங்கில் உட்கார வைத்தார். அதைப் படித்தபோது இங்கும் அப்படிச் செய்ய ஆசையாக இருந்தது. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயாமார் நினைவுக்கு வந்தார்கள். அவர்களைவிடக் கேட்கத் தெரிந்தவர் யார்? ஆனால் தோட்டத்தில் ஆயா எல்லோருக்கும் சொந்தம். அத்தைக்கும் சொந்தம், அடிக்கிற புருசனுக்கும் சொந்தம். பஸ் ஏறி வரவேண்டிய தூரத்தில் நான் இருப்பதுதான் என்னிடம் வருகிறவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

ஒக்டோபரில் ஆட்கள் கூடுவார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழை பிடித்தால் இரவெல்லாம் முழித்திருப்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அதைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இவர்களுக்கு ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். அதற்கு வாடகை கட்ட வேண்டும்.

வாடகையைக் கட்டுவது கொழும்பிலும் கனடாவிலும் இருந்து வீடியோவில் பேசுபவர்கள். வாரத்தில் எட்டு முழுக்கட்டணம் நிரம்பினால் ஞாயிறு ஐந்து அரைப் பேர் தாங்கும். ஐந்துதான். ஆறாவது ஆளைச் சேர்த்த ஒரு நாள், அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. அரைப் பேருக்கு நான் பார்த்தது அரை வேலை. மாதம் ஒருமுறை நானும் காசு கொடுத்து இதே தொழிலில் ஒரு மூத்தவரிடம் போய் என்னைக் கொட்டிவிட்டு வருகிறேன். அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லாத ஆள் வீட்டில் இல்லை.

ஜனவரியிலிருந்து வாடகை கூடுகிறது. அரைப் பேரில் கை வைக்க மாட்டேன். கட்டணம் கூடும் என்று வீடியோக்காரர்களுக்குத்தான் எழுத வேண்டும். மூன்று நாளாக "அன்புடையீர்" என்ற சொல்லோடு நிற்கிறது கடிதம்.